கூப்பிட்டவன்

லியோகாடியோவுக்கு வயது நாற்பதைத் தொடப்போகிறது. இத்தனை வருஷம் பேஸ்பால் ஆடியும் ஒரு நகம்கூடப் பெயர்ந்ததில்லை என்றால் யாராவது நம்புவார்களா? பராவோனா ஊரே நம்பியது. மீன் விற்கிறவளிலிருந்து பாதிரியார் வரைக்கும் நம்பினார்கள். 'குவாயாக்கான்' என்று அவருக்குப் பட்டப்பெயரும் வைத்தாயிற்று. அது அந்தப் பக்கத்து மரம் ஒன்றின் பெயர், வெட்டப் போனால் கோடாலிதான் மழுங்கும். நம்பாதவன் ஒருத்தன்தான் இருந்தான். அவன் பெயர் இசித்ரோ. அவனோ மைதானத்தில் லியோகாடியோவுக்குப் பக்கத்திலேயே நின்று ஆடுகிறவன்.

பேஸ்பால்காரன் உடம்பு எப்படிப் போகும் என்று இசித்ரோவுக்குத் தெரியாதா என்ன? பந்து வீசுகிறவனுக்கு முழங்கை போகும். குந்தி உட்கார்ந்து பிடிக்கிறவனுக்கு முட்டி போகும். ஓடுகிறவனுக்குத் தொடைச் சதை கிழியும். ஆட்டம் முடிந்து உடை மாற்றும் அறைக்குப் போனால் தர்ம ஆஸ்பத்திரிக்குள் நுழைந்த மாதிரி இருக்கும். ஆளாளுக்கு எங்கேயாவது ஐஸ் பையைக் கட்டிக்கொண்டு முனகுவார்கள். அவர்களுக்கு நடுவில் லியோகாடியோ குளித்து, தலைசீவி, கழுத்தில் சென்ட் தடவிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்புவார். பார்க்கிறவனுக்கு வயிறு எரியுமா, எரியாதா?

நாலு வருஷத்துக்கு முன்னால் தலைநகர் அணிக்காரன் வீசிய பந்து நேராக அவர் மண்டையில் பட்டது. தலைக்கவசத்தில் விழுந்த அடி மேல்வரிசை வரைக்கும் கேட்டதாம். ஆள் சுருண்டு விழுந்தார். போச்சு, குவாயாக்கான் கதை முடிந்தது என்று ஊரே நெஞ்சில் கைவைத்தது. அவரோ எழுந்து, கால்சட்டையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு, கூட்டத்தைப் பார்த்து ஒரு கண் சிமிட்டிவிட்டு, ஓடுகிறவன் முதலில் தொட வேண்டிய முதல் தளத்துக்கு ஓடினார். மறுநாளும் ஆடினார். அதற்கு மறுநாளும். அந்த அடியைப் பற்றிச் சலூனில் இன்னும் பேச்சு ஓயவில்லை.

ஊரெல்லாம் பேசட்டும். இசித்ரோவுக்கு வேண்டியது அந்தக் கதை இல்லை, போன வருஷக் கதை. அவனுடைய பெரியம்மா மகன் வாஸ்கரின் கதை.

மட்டைக்காரனுக்கு வெகு தூரத்தில், வெளிக்களத்தில் ஆடுகிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. பந்து ஆகாயத்தில் எழும்பி இரண்டு பேருக்கு நடுவில் இறங்கினால், ஓடிவருகிற இரண்டு பேரும் பந்தைத்தான் அண்ணாந்து பார்ப்பார்கள், எதிரே வருகிறவனைப் பார்க்க மாட்டார்கள். அதனால் பிடிக்கப்போகிறவன் 'எனக்கு, எனக்கு' என்று தொண்டை கிழியக் கத்த வேண்டும். அதற்குக் கூப்பிடுவது என்று பெயர். கூப்பிட்ட சத்தம் கேட்டதும் மற்றவன் விலகிவிட வேண்டும். கூப்பிடாமல் பாய்கிறவனுக்குப் பக்கத்தில் நிற்க எவனும் சம்மதிக்க மாட்டான். பந்தைக் கோட்டைவிட்டவனைக்கூட மன்னித்துவிடுவார்கள், கூப்பிடாதவனை மன்னிக்க மாட்டார்கள்.

போன வருஷம் வாஸ்கர்தான் நடுக்களத்தில் நின்றான். லியோகாடியோ இப்போது போலவே இடதுகளத்தில். ஒரு பந்து இருவருக்கும் நடுவில் இறங்கியது. இருவரும் ஓடினார்கள், மோதினார்கள். வாஸ்கரின் முழங்கால் திரும்பக்கூடாத பக்கம் திரும்பிக்கொண்டது. லியோகாடியோ வழக்கம்போல எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டார். மேனேஜர் பெலார்மீனோ ஓடிவந்து யார் கூப்பிட்டது என்று கேட்டார். நான் கூப்பிட்டேன், நாலு தடவை கூப்பிட்டேன் என்று தரையில் கிடந்தபடி வாஸ்கர் அழுதான். லியோகாடியோ அவனைப் பார்த்துவிட்டு, "இவன் கூப்பிடலை" என்றார். அவ்வளவுதான். குவாயாக்கான் சொன்னால் அப்பீல் ஏது?

முழங்கால் ஆறிவிட்டது. பேர் ஆறவில்லை. வாஸ்கருக்கு ஊரில் 'ஊமை' என்று பேர் விழுந்தது. வேறு அணிகளின் வாசலை மிதித்துப் பார்த்தான். ஓடிக்காட்டினான், பந்தை எறிந்துகாட்டினான். எல்லோரும் தலையாட்டினார்கள், யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. இப்போது சந்தையடியில் மோட்டார் சைக்கிளில் ஆள் ஏற்றி விடுகிறான். சவாரி ஏறுகிறவர்கள்கூடச் சும்மா வருவதில்லை, திருப்பம் வந்தால் ஹாரன் அடிப்பாயா, இல்லை அதற்கும் வாய் வராதா என்று கேட்டுவிட்டுத்தான் ஏறுகிறார்கள். எவ்வளவு நாள் சிரித்துச் சமாளிக்க முடியும் ஒருத்தனால்?

காலியான நடுக்களம் இசித்ரோவுக்குக் கிடைத்தது. கையெழுத்துப் போட்ட அன்றைக்கு அவன் நேராகப் பெரியம்மா வீட்டுக்குத்தான் போனான். இந்த இடத்தை எடுத்துக்கொள்ளவே கூசுகிறது என்றான். வாஸ்கர் அவன் தோளில் கைபோட்டு, "போய் நில்லுடா. நின்னு அந்தாளு வாயாலயே நான் கூப்பிட்டேன்னு சொல்ல வை. எனக்கு வேற ஒன்னும் வேணாம்" என்றான்.

அன்றிலிருந்து இசித்ரோ அந்த மனிதரைக் கண்கொத்திப் பாம்பாகக் கவனித்தான். கவனிக்கக் கவனிக்கச் சந்தேகம்தான் வளர்ந்தது.

பெஞ்சில் இடது கோடிதான் அவருக்கு. அங்கே வேறு யாராவது உட்கார்ந்தால் வந்து நிற்பார், ஒரு வார்த்தை பேச மாட்டார், உட்கார்ந்தவன் எழுந்துகொள்ளும்வரை அப்படியே நிற்பார். பஸ்ஸிலும் இடப்பக்க ஜன்னலோரம். வாழைக்காய் மசியல் சாப்பிடப் போனால் அங்கேயும் இடப்பக்கம் சுவர் இருக்கிற மேஜை. யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பேஸ்பால்காரர்களுக்கு ஆளுக்கொரு பைத்தியம். ஒருத்தன் ஜெயித்த நாள் காலுறையைத் தோற்கும்வரை துவைக்க மாட்டான். இன்னொருத்தன் வெள்ளைக் கோட்டை மிதிக்க மாட்டான், செத்தாலும் தாண்டித்தான் போவான். அடுத்தவன் ராசியில் கைவைக்கக் கூடாது, அதைப் பற்றிக் கேட்கவும் கூடாது. அதுதான் மரியாதை. ஆனால் இசித்ரோவுக்கு அது ராசியாகப் படவில்லை, திமிராகப் பட்டது.

திமிர் என்பதற்கு அத்தாட்சியும் இருந்தது. சில நேரம் அவரிடம் ஏதாவது சொன்னால் மனிதர் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். வேறு சில நேரம் நன்றாகத்தான் பேசுவார், சிரிப்பார், மகள் படிப்பைப் பற்றிச் சொல்வார். எப்போது பேசுவார், எப்போது கல்லுளிமங்கனாக நிற்பார் என்று பிடிபடவில்லை. புதுப் பையன்களை இப்படித்தான் மட்டம்தட்டி வைப்பார், பழகிக்கொள் என்று மற்றவர்கள் சொன்னார்கள்.

ஒருநாள் கழிப்பறைப் பக்கம் போனபோது இன்னொன்றையும் பார்த்தான். லியோகாடியோ சுவரைப் பார்த்துத் திரும்பி, தலையைச் சாய்த்து, ஒரு சின்னக் குப்பியைக் கையில் வைத்திருந்தார். காலடிச் சத்தம் கேட்டதும் சட்டென்று குப்பியை இடுப்பில் செருகிக்கொண்டார். இசித்ரோவுக்குப் பொறி தட்டியது. அட, இதுதானா சங்கதி! ஏதோ ஊக்க மருந்து, நாக்கடியில் விட்டுக்கொள்கிறான் கிழவன் என்று நினைத்தான். ஆனால் அந்த வாரமே அதிகாரிகள் சிறுநீர் வாங்கிப் பரிசோதித்தார்கள், அவர் சுத்தம் என்று முடிவு வந்தது. அதற்கும் ஏதாவது வழி வைத்திருப்பான் என்று இசித்ரோ கறுவிக்கொண்டான். சந்தேகப்படுகிறவனுக்கு எதைக் காட்டினாலும் அவன் நினைத்ததுதான் தெரியும்.

மைதானத்திலும் லேசுப்பட்ட ஆள் இல்லை அவர். நடுவில் ஒரு பந்து விழுந்தால், இசித்ரோ எவ்வளவு கத்தினாலும், கடைசி நொடிவரை விலகாமல் வருவார். பிறகு பக்கவாட்டில் ஒரு பார்வை பார்த்துவிட்டு ஒதுங்குவார். ஒவ்வொரு தடவையும் இசித்ரோ மனசுக்குள் திட்டுவான். வேண்டுமென்றேதான் செய்கிறான், மோதினால் எதிராளிதான் உடைவான் என்ற தைரியம். இத்தனை வருஷம் காயமே படாத ரகசியம் இதுதான், தன் அடியை அடுத்தவன் தலையில் கட்டுவது. இப்படி ஒரு முடிவுக்கு வந்தபின் இசித்ரோவுக்கு ராத்தூக்கம் நன்றாக வந்தது. காரணம் கிடைத்துவிட்டதல்லவா?

ஆனாலும் ஒரு தடவை நேராகக் கேட்டுப் பார்த்துவிடலாம் என்று தோன்றியது. ஆட்டமில்லாத நாளில் லியோகாடியோ வீட்டு முற்றத்தில் டோமினோ என்ற காய் ஆட்டம் நடக்கும். வழக்கமாக அவருடைய இடது கைப்பக்கம் அவர் மச்சான் உட்காருவார். அந்த மனிதர் வாயைத் திறந்தே யாரும் பார்த்ததில்லை. அன்று அவருக்குக் காய்ச்சல். இசித்ரோ அந்த நாற்காலியில் உட்கார்ந்தான். லியோகாடியோ முகம் சுருங்கியதே தவிர ஒன்றும் சொல்லவில்லை. வலப்பக்கம் வேலிமேல் ரேடியோ அலறிக்கொண்டிருந்தது, எதிரில் இருந்த ஆட்டக்காரர்கள் அதற்கு மேலே அலறிக்கொண்டிருந்தார்கள்.

மற்றவர்கள் முன்னால் கேட்டு மனிதரை அவமானப்படுத்த இசித்ரோவுக்கு மனம் வரவில்லை. குனிந்து, அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரிக் கேட்டான்.

"அண்ணே, ஒன்னே ஒன்னு கேக்கறேன். அன்னைக்கு வாஸ்கர் கூப்பிட்டானா இல்லையா? உங்க பொண்ணு மேல சத்தியமா சொல்லுங்க. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

லியோகாடியோ கையிலிருந்த காய்களைப் பார்த்தார். ஒன்றை எடுத்தார். மேஜை அதிர ஓங்கி வைத்தார். எதிரே இருந்த கூட்டாளியைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தார், ஆட்டம் அவர்களுக்கு. இசித்ரோ பக்கம் அவர் தலை திரும்பவே இல்லை. மகள் மேல் சத்தியம் கேட்டும் சிரிக்கிறான் என்றால் இவன் மனிதனா? இசித்ரோ காய்களை அப்படியே கவிழ்த்துவிட்டு எழுந்து வெளியே வந்தான். நெஞ்சு கொதித்தது. இனி இந்த ஆளிடம் ஒரு வார்த்தை பேசுவதில்லை என்று தீர்மானித்தான். மைதானத்திலும் சேர்த்துத்தான்.

கடைசி ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். ஜெயித்தால் அடுத்த சுற்று, தோற்றால் வீடு. தலைநகர் அணிதான் எதிரே. வாஸ்கரும் வந்திருந்தான், மூன்றாம் தளத்துக்குப் பின்னால் பார்வையாளர் வரிசையில், தொப்பியை முகம் மறைய இழுத்துவிட்டுக்கொண்டு. கடைசிக் கட்டத்தில் பராவோனா ஒரே ஓட்டம் முன்னால். இன்னும் ஒருவனை வெளியேற்றினால் போதும். ஆனால் தளங்களில் எதிரணி ஆட்கள் இரண்டு பேர் நின்றார்கள், பந்து தரையில் விழுந்தால் அவர்கள் ஓடிவந்துவிடுவார்கள், ஆட்டம் போய்விடும்.

மட்டை சுழன்றது. பந்து எழும்பியது. எங்கே வருகிறது? வேறெங்கே, இரண்டு பேருக்கும் நடுவில்தான்.

இசித்ரோ ஓடினான். ஓடும்போதே ஓரக்கண்ணில் லியோகாடியோவும் ஓடிவருவது தெரிந்தது. 'எனக்கு' என்ற சொல் தொண்டைவரை வந்தது. வந்ததை மென்று விழுங்கினான். ஏன் கூப்பிட வேண்டும்? கூப்பிட்டாலும் இவன் இப்படித்தான் வருவான், கூப்பிடாவிட்டாலும் இப்படித்தான். இன்றைக்கு ஊரே பார்க்கட்டும், இவன் எப்படி ஆள்மேல் பாய்கிறான் என்று வாஸ்கரும் பார்க்கட்டும். கடைசி அடியில் நான் நின்றுகொள்கிறேன், இவன் முகத்திரை கிழியட்டும். இதையெல்லாம் அவன் நினைத்தது நிஜம். நிற்கத்தான் நினைத்தான். ஆனால் சின்ன வயதிலிருந்து பந்தைத் துரத்திப் பழகிய கால் நிற்குமா? பந்து இறங்கியது, கால்கள் ஓடின, அவன் வாய் மட்டும் மூடியே இருந்தது.

மோதிய சத்தம் வாஸ்கர் உட்கார்ந்திருந்த இடம்வரை கேட்டது. இசித்ரோவுக்கு உதடு கிழிந்தது, அவ்வளவுதான். அவன் தோள் லியோகாடியோவின் கழுத்தடியில் இறங்கியிருந்தது. அவர் மல்லாந்து கிடந்தார். அவருடைய கையுறையைப் பிரித்துப் பார்த்த நடுவர் கையை உயர்த்தினார், பந்து உள்ளேதான் இருந்தது. ஆட்டம் ஜெயித்தாயிற்று. கூட்டம் எழுந்து ஆடியது. லியோகாடியோ எழுந்து மண்ணைத் தட்டிக்கொள்வார் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அவர் எழவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டம் அடங்கியது.

பெலார்மீனோ மூச்சிரைக்க ஓடிவந்தார். ஓடிவந்ததும் கேட்கிற கேள்வியைத்தான் கேட்டார்.

"யாருடா கூப்பிட்டது?"

சுற்றிலும் அணி முழுக்க நின்றது. இசித்ரோவின் முகத்தில் ஈயாடவில்லை. இல்லை என்று சொன்னால் நாளைக்கு அவனும் ஊமை. குவாயாக்கானை உடைத்த ஊமை. பெரியம்மா வீட்டில் இரண்டு ஊமைகள்.

"நான்தான் கூப்பிட்டேன்" என்றான்.

பெலார்மீனோ லியோகாடியோ பக்கம் குனிந்தார். இசித்ரோ கண்களை மூடிக்கொண்டான். 'இவன் கூப்பிடலை' என்ற அந்தப் பழைய வார்த்தை இதோ வரப்போகிறது. இந்தத் தடவை அது உண்மையாகவும் இருக்கும்.

"கூப்பிட்டிருப்பான்" என்றார் லியோகாடியோ. பல்லைக் கடித்துக்கொண்டு பேசினார். "எனக்குத்தான் கேக்கலை. இந்த இடது காது செத்துப்போச்சு, பெலார்மீனோ. அன்னைக்கு மண்டையில ஒரு அடி வாங்கினேனே, அன்னையிலேர்ந்து. சொன்னா வீட்டுக்கு அனுப்பிடுவீங்க, அதான் மறைச்சேன்."

அவரே தொடர்ந்தார்.

"போன வருஷம் அந்தப் பையனும் கூப்பிட்டிருப்பான். எனக்குக் கேக்கலைன்னு சொல்லியிருக்கணும். கூப்பிடலைன்னு சொல்லிட்டேன். அவனைக் கூட்டிட்டு வாங்க, நான் அவன்கிட்ட சொல்லணும்."

வாஸ்கரைக் கூட்டிவர வேண்டியிருக்கவில்லை. அவன் ஏற்கெனவே கம்பியைத் தாண்டிக் குதித்து ஓடிவந்துகொண்டிருந்தான். இசித்ரோ அப்படியே புல்லில் உட்கார்ந்தான். பெஞ்சின் இடது கோடி, பஸ் ஜன்னல், சுவரோர மேஜை, சாய்ந்த தலைக்குப் பக்கத்தில் அந்தக் காது மருந்துக் குப்பி, எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து முகத்தில் அறைந்தன. வெளிக்களத்தில் மட்டைக்காரனைப் பார்த்து நிற்கும்போது அவருடைய இடப்பக்கம் இருப்பது நடுக்களம்தானே? டோமினோ மேஜையில் அவன் கேட்ட கேள்வி அவருக்குப் போய்ச் சேரவே இல்லை. அவர் ஆட்டம் ஜெயித்ததற்குத்தான் சிரித்தார், பாவி மனிதர், வேறு எதற்கும் இல்லை.

மறுநாள் ஆஸ்பத்திரிக்கு வாஸ்கரும் கூட வந்தான். வழியெல்லாம் அவன் வாய் ஓயவில்லை. சந்தையில் இரண்டு பேர் அவன் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டார்களாம். பெலார்மீனோ செவ்வாய்க்கிழமை பயிற்சிக்கு வரச் சொல்லியிருக்கிறாராம், இடதுகளம் இப்போது காலிதானே. "நீ கூப்பிட்டதாலதான்டா இது நடந்துச்சு. உன் சத்தம்தான் என் பேரைத் திருப்பிக் கொடுத்துச்சு" என்று இசித்ரோவின் கழுத்தைக் கட்டிக்கொண்டான். இசித்ரோவுக்குக் கிழிந்த உதடு எரிந்தது. உதடு எரிந்தால் பேசாமல் இருக்கலாம், அந்தமட்டும் சௌகரியம்.

வாஸ்கரை வராந்தாவில் விட்டுவிட்டு அவன் மட்டும் உள்ளே போனான். சொல்லிவிட வேண்டும் என்றுதான் வந்திருந்தான். லியோகாடியோ கழுத்திலிருந்து நெஞ்சுவரை கட்டோடு படுத்திருந்தார், எலும்பு இரண்டு இடத்தில் உடைந்திருந்தது. இனி ஆட்டம் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். இருந்த ஒரே நாற்காலி கட்டிலுக்கு இடப்பக்கம் கிடந்தது. இசித்ரோ உட்கார்ந்தான். தலையைக் குனிந்துகொண்டான். நிமிர்ந்து பார்த்தால் வார்த்தை வராது, முணுமுணுப்பாகத்தான் வந்தது.

"அண்ணே, நான் கூப்பிடலை. வேணும்னேதான் கூப்பிடலை. உங்க மேல இருந்த கோவத்துல செஞ்சேன். அப்புறம் பொய் சொன்னேன். என்னை என்ன வேணாலும் செய்யுங்க."

சொல்லி முடித்ததும் உடம்பே லேசானது. பதில் வரவில்லை. நிமிர்ந்தான். லியோகாடியோ ஜன்னல் வழியே கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாற்காலி கிறீச்சிட்ட சத்தத்துக்குத்தான் மெல்லத் தலையைத் திருப்பினார்.

"ஏன்டா, ஏதாவது சொன்னியா? இத்தனை பேர் முன்னாடி ஒத்துக்கிட்டேன், நீ இன்னும் செத்த காதுலயே பேசிக்கிட்டிருக்கே. இந்தப் பக்கம் வந்து சொல்லு."

இசித்ரோ எழுந்தான். கட்டிலைச் சுற்றி வர வேண்டும். சுற்றி வரும் வழியில் திறந்திருந்த கதவு. வராந்தாவில் வாஸ்கர் ஒரு நர்ஸிடம் கதை சொல்லிக்கொண்டிருந்தான், "அவரே சொல்லிட்டாருங்க, அவர் வாயாலயே" என்று. பார்த்து எவ்வளவு நாளாயிற்று அந்தச் சிரிப்பை. இசித்ரோ ஒரு நிமிஷம் கதவருகே நின்றான். பிறகு வலப்பக்கம் வந்து குனிந்தான்.

"என்ன சொன்னே?" என்று கேட்டார் லியோகாடியோ.

"ஒன்னுமில்லண்ணே. வலி எப்படி இருக்குன்னு கேட்டேன்."

லியோகாடியோ அவனையே பார்த்தார். இருபது வருஷமாக எவன் கேட்டாலும் ஒன்றுமில்லை என்றே சொல்லி வந்த மனிதர்.

"வலிக்குதுடா" என்றார். "ரொம்ப வலிக்குது."

இசித்ரோ அந்த நல்ல காதுப் பக்கமே ரொம்ப நேரம் நின்றான். சொல்ல வேண்டியதை மட்டும் சொல்லவில்லை.